மூடிய திரையில் பச்சைப் பட்டு

சென்ற மாதம் எங்கள் ரீஜனல் மேனேஜர் தணிகாசலம் மெட்ராஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தார்.

வந்தால் ஃபைலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதானே... என்று கேட்பவர்கள் திருச்சியில் உத்தியோகம் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு எவரும் வெறும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதில்லை. மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் டூர் புரோகிராமில் எழுதப்படாத ஐட்டங்கள். மலைக்கோட்டைக்குப் படியேற வேண்டும் என்பதால் அதிகாரிகள் அதை ஜீப்பிலிருந்தே கும்பிட்டுக்கொள்வார்கள். பாக்கி இருப்பது ஸ்ரீரங்கம்.

நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன். ஆகவே வருகிற அதிகாரிகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், வீட்டில் சாப்பாடு போட்டு, ரயிலேற்றி விடுவது என் பொறுப்பு. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இது கிடையாது. ஆனால் ப்ரமோஷன் சமயத்தில் இதற்குத் தனி மார்க் உண்டு என்று எங்கள் ஆபீஸில் ஒரு நம்பிக்கை.

கைடு வேலையில் முக்கியமான விதி, வாய் சும்மா இருக்கக் கூடாது. "இந்தத் தூணைப் பாருங்க சார்... அந்தக் கோபுரத்தைப் பாருங்க சார்..." என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதிகாரி பார்க்கிறாரா இல்லையா என்பது நம் கவலை இல்லை.

அன்றைக்குப் பங்குனி வெயில், உச்சி வேளை. கல் தரை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. தணிகாசலம் சார் கறுப்புக் கண்ணாடியும் பட்டுக்கரை வேட்டியுமாக வெறுங்காலோடு குதித்துக் குதித்து வந்தார். அவருக்கு முன்னால் நான் குதித்தேன். பின்னால் பூத்தட்டோடு என் மனைவி சகுந்தலா, குதிக்காமல் நிதானமாக வந்தாள்.

தாயார் சன்னதி முன்மண்டபத்துக்குள் நுழைந்தோம். சார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அடுத்த நிமிஷம் என் தோளில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை!

ரீஜனல் மேனேஜர் தோளில் கை போட்டால் என்ன அர்த்தம்? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆபீஸில் யாராவது இந்தக் காட்சியைப் பார்க்கக் கூடாதா என்று ஏங்கினேன். மெல்ல, மிக மெல்ல நடந்தேன்.

மெல்ல நடந்ததற்கு மரியாதை மட்டும் காரணம் இல்லை. எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

பதறாதீர்கள். வெயிலிலிருந்து இருட்டுக்குள் வந்தால் எல்லோருக்கும்தான் கொஞ்சம் தெரியாது. கண்ணை நாலு சிமிட்டு சிமிட்டினால் சரியாகிவிடும். எனக்குக் கொஞ்ச காலமாக அந்த நாலு சிமிட்டு போதவில்லை. கண் பழகி, இருட்டுக்குள்ளிருந்து மெதுவாக உருவம் வெளியே வருகிற சமயத்தில் பின்னாலிருந்து "நகருங்க, நகருங்க" என்று தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் என்ன? எனக்குத் தெரியாத தாயாரா? மனசில் இருக்கிற படத்தை நினைத்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். "நல்ல தரிசனமா?" என்று யாராவது கேட்டால் "திவ்யமா" என்பேன். இல்லை என்று எவனாவது சொல்வானா?

மூன்றாம் பிறை பார்க்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறீர்களா? ஒருத்தர் கையை நீட்டி "அதோ" என்பார். அடுத்தவர் "ஆமாமா, அதோ" என்பார். கடைசி ஆள் வரைக்கும் பிறை தெரிந்துவிடும். தெரியவில்லை என்று சொல்லி ஒரு நல்ல நாளில் கெட்ட பேர் வாங்க நமக்கெல்லாம் மனசு வராது.

அன்றைக்கும் அப்படித்தான். தொங்குவிளக்கு மட்டும் மஞ்சளாக ஒரு பொட்டு போலத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரே இருட்டு. தோளில் மேலதிகாரி கை. கைடு சும்மா நிற்கலாமா?

"என்ன அழகு பாருங்க சார்... தாயாருக்கு இன்னிக்குப் பச்சைப் பட்டு" என்றேன்.

தணிகாசலம் சார் கைகூப்பினார். குரல் தழுதழுத்தது.

"ஆமாய்யா... பச்சைப் பட்டு. சரிகை என்னமா ஜொலிக்குது!"

இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூன்று மணிக்கு ஜங்ஷனில் ரயில் என்பதால் உடனே கிளம்பினோம். சகுந்தலா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவள் வழக்கம் இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் சாப்பாடு. சார் கையை நீட்டியபோது இடது பக்கம் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து, இலையெல்லாம் வெள்ளம்.

"எங்க வீட்டு டம்ளரே அப்படித்தான் சார்... அடி சரியில்லை" என்று நான் டம்ளரைக் கோபித்துக்கொண்டேன்.

சகுந்தலா வேறு இலை போட்டு ரசம் ஊற்றினாள். சார் உருகினார்.

"அம்மா, சாப்பாடு பிரமாதம். ஆனா இன்னிக்கு அந்தப் பச்சைப் பட்டு இருக்கே... அது மனசை விட்டுப் போகாதும்மா."

கரண்டி அந்தரத்தில் நின்றது. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

ரயிலேற்றிவிட்டு வீடு திரும்பியதும் ஆரம்பித்தாள்.

"என்னங்க பச்சைப் பட்டு?"

"தாயாருக்கு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்காம? சாரும்தான் பார்த்தாரே."

"தாயாருக்குத் தளிகை படைக்கிற நேரம். திரை போட்டிருந்துச்சு. அரக்குக் கலர்ல இந்தா பெரிய திரை! சுத்தி இருந்தவங்க எல்லாம் திரை எப்ப திறக்கும்னு காத்துக்கிட்டு நின்னாங்க. நீங்க ரெண்டு பேரும் திரையைப் பார்த்துக் கண்ணுல தண்ணி விட்டுட்டு வந்துட்டீங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு வேறு என்ன வரும்? உடனே என் பக்க நியாயங்களை எடுத்து வைத்தேன். அந்த மண்டபத்தில் வெளிச்சம் போதாது. ஊரிலேயே வோல்டேஜ் கம்மி. நம் வீட்டு ஹாலில் எரிகிற பல்பு பல்பா, இல்லை தக்காளியா?

இதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்த நியாயங்கள்தான். எங்கள் தெரு விளக்கு எரியாமலே எரிவதாகக் கணக்குக் காட்டுகிறார்கள் என்று இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற இதே பத்தியில் முன்பு காரசாரமாக எழுதினேன். மேட்னி ஷோவில் டார்ச் அடிக்கிறவர் டார்ச்சை எதற்கோ சேமித்து வைக்கிறார் என்றும், அதனால் நான் முன்பின் தெரியாத ஓர் அம்மாளின் முறுக்குப் பொட்டலத்தின் மேல் உட்கார நேர்ந்தது என்றும் எழுதினேன். உங்களில் பலர் "ஆமாம் சார், எங்கள் ஊரிலும் அப்படித்தான் சார், எங்குமே வெளிச்சம் இல்லை சார்" என்று கார்டு போட்டு ஆதரவு கொடுத்தீர்கள். அவர்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஆபீஸில் லேசாக விஷயத்தை அவிழ்த்தேன். பச்சைப் பட்டை மறைத்துவிட்டு, இருட்டில் பார்வை சரியில்லை என்பதை மட்டும். நம் ஜனங்களிடம் இது ஒரு சௌகரியம். வியாதியைச் சொன்னால் போதும், அறை முழுக்க டாக்டர்கள். ஹெட்கிளார்க் பொன்னாங்கண்ணிக் கீரை என்றார். டைப்பிஸ்ட் கேரட் என்றாள். கேஷியர் மட்டும், கண்ணுக்கெல்லாம் காரணம் மலச்சிக்கல் என்று அடித்துச் சொன்னார்.

நான் கண்ணாடிக் கடைக்கும் போய்வந்தேன். போர்டில் கடைசி வரியைக் கடகடவென்று படித்தேன். கடைக்காரர் பாராட்டினார். "உங்க வயசுக்கு இப்படி யாரும் படிக்கிறதில்லை சார்" என்று சொல்லிவிட்டு ஒரு புது ஃபிரேமை என் தலையில் கட்டினார். பார்த்தீர்களா? கடைசி வரி படிக்கிறேன். ரயில்வே டைம்டேபிளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிற அடிக்குறிப்பு படிக்கிறேன். இப்படிப்பட்ட கண்ணில் கோளாறு என்று சொன்னால் சொல்கிறவருக்குத்தான் கோளாறு. நான் நிம்மதியாகிவிட்டேன்.

அந்த நிம்மதியைக் காவேரிப் பாலத்தில் ஒரு மாட்டு வண்டி கெடுத்தது.

ஒரு சாயங்காலம் தெப்பக்குளம் கடைவீதியில் புடவை வாங்கிக்கொண்டு நானும் சகுந்தலாவும் ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த ஸ்கூட்டர் புக் பண்ணி, வருஷக் கணக்கில் காத்திருந்து, என் முடி நரைத்த பிறகு கைக்கு வந்தது. அதன் மேல் எனக்கு இருக்கிற பாசத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பாலத்தில் பாதி தூரம் போனதும் எதிரே ஒரு லாரி. ஹெட்லைட் முழுசாக முகத்தில் அடித்தது. லாரி போய்விட்டது... வெளிச்சமும் போய்விட்டது. கூடவே பாலம், கைப்பிடிச் சுவர், ரோடு எல்லாம் போய்விட்டன. எனக்கு முன்னால் கறுப்பாக ஒன்றுமில்லாதது இருந்தது. அதற்குள் நான் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இது ஒரு விநாடியில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

"வண்டிங்க! வண்டி, வண்டி..."

சகுந்தலா என் முதுகுச் சட்டையைக் கிழிகிற மாதிரி பிடித்து இழுத்தாள். பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டர் சறுக்கி நின்றபோது வைக்கோல் என் மூக்கில் குத்தியது. வைக்கோலுக்குள்ளிருந்து வண்டியின் நுகத்தடி நீளத்துக்கு ஒரு மூங்கில் கழி நீட்டிக்கொண்டிருந்தது. அது என் காதோரமாகப் போய், சகுந்தலாவின் முகத்துக்கு நேரே நின்றிருந்தது. இன்னும் ஒரு சாண் போயிருந்தால்... அதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் கை ஓடவில்லை.

அந்த நிலைமையிலும் வாய் மட்டும் ஓடியது. வண்டிக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"லாந்தர் கட்டாம வண்டி ஓட்டுறியே, அறிவில்லை?"

வண்டிக்காரர் வாயெடுப்பதற்குள் சகுந்தலா சொன்னாள்.

"லாந்தர் தொங்குதுங்க. உங்க மூஞ்சிக்கு நேரா தொங்குது."

பார்த்தேன். நிஜமாகவே தொங்கியது. மெதுவாக, சன்னதியில் தாயார் வருகிற மாதிரி, இருட்டுக்குள்ளிருந்து லாந்தர் வெளியே வந்தது. பாலத்தின் மீதி தூரத்தை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். ஸ்ரீரங்கம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியை வாங்கித் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் மேலப்புதூரில் கண் டாக்டர் பிலோமினா அம்மாவின் கிளினிக். சின்ன உருவம், வெள்ளைச் சேலை, சிரிக்கிற பழக்கம் இல்லை.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலைங்க டாக்டர். வீட்ல வோல்டேஜ் கொஞ்சம் கம்மி."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு சகுந்தலா பக்கம் திரும்பினார். சகுந்தலா திரை, முறுக்கு, லாந்தர் எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரர் என்னைப் பாராட்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதை நான் எடுத்துக் கொடுத்தேன்.

என்னைப் படுக்க வைத்து, கண் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, சின்ன எடைக்கல் மாதிரி ஒரு கருவியைக் கண் மேலேயே வைத்தார். ரத்தக் கொதிப்பு பார்க்கிற மாதிரி கண்ணுக்கும் பிரஷர் பார்ப்பார்களாம். முள் நகர்ந்தது. டாக்டரம்மா "ம்" என்றார். டாக்டர்கள் "ம்" சொல்லும்போது நமக்கு வருகிற பயம் இருக்கிறதே... அது தனி.

பிறகு பக்கத்து அறை. அங்கே சுவரில் என்ன தொங்கியது தெரியுமா? திரை! கறுப்புத் துணியில் பெரிய திரை. அதற்கு எதிரே என்னை உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணைக் கட்டினார்கள். திரையின் நடுவில் ஒரு புள்ளி. அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டரம்மா கறுப்புக் குச்சியின் நுனியில் ஒரு சின்ன வெள்ளை வில்லையை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு வருவார். வில்லை கண்ணில் படும்போது "தெரியுது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பரீட்சை என்று வந்துவிட்டால் நாம் யார்? டிபார்ட்மென்ட் டெஸ்ட்களையெல்லாம் ஒரே அட்டெம்ப்டில் பாஸ் செய்தவன் நான். வில்லை தெரியவில்லையே தவிர, டாக்டரம்மா எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. போதாதா?

"இப்ப?"

"தெரியுது."

"இப்ப?"

"தெரியுதுங்க."

"இப்ப?"

"நல்லாவே தெரியுது டாக்டர். வெள்ளை வெளேர்னு."

டாக்டரம்மா குச்சியை இறக்கினார்.

"வில்லையைத் திருப்பி வச்சிருக்கேன். பின்பக்கம் கறுப்பு. கறுப்புத் துணி மேல கறுப்பு. அது யாருக்கும் தெரியாது."

சகுந்தலா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடிய திரைக்கு முன்னால் இரண்டாவது தடவையாக நான் ஒன்றை அழகாகப் பார்த்திருந்தேன்.

"ஐயா, இங்க பாஸ் மார்க் கிடையாது" என்றார் டாக்டரம்மா. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். அப்பதான் நான் ஏதாவது செய்ய முடியும்."

மறுபடி ஆரம்பித்தோம். இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெரியலை... தெரியலை... தெரியலை... இப்ப தெரியுது. சொல்லச் சொல்ல அவர் சாக்பீஸால் திரையில் குறித்துக்கொண்டே வந்தார். கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டுக்குள் எனக்குத் தெரிகிற உலகம், நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. சுற்றிலும், தெரியவில்லை என்பதே எனக்குத் தெரியாத இடம்.

"க்ளாக்கோமா" என்றார். "கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியற வழி சரியா வேலை செய்யலைன்னா அழுத்தம் ஏறும். பின்னாடி இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெடும். வலிக்காது. சிவக்காது. பார்வை ஓரத்துலேர்ந்து போகும். நடுவுல கடைசி வரைக்கும் பளிச்சுன்னு இருக்கும். அதனாலதான் நீங்க கடைசி வரி படிக்கிறீங்க."

"இருட்டுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சகுந்தலா கேட்டாள்.

"மங்கல் வெளிச்சத்துல பார்க்கிற வேலை பெரும்பாலும் ஓரத்துக்குத்தாம்மா. ஓரம் பழுதானா வெயில்லேர்ந்து உள்ள வந்ததும் கண்ணு பழக நேரமாகும். லாரி லைட் அடிச்சா மறுபடி பார்வை தெளியறதுக்கும் நேரமாகும். இவர் வோல்டேஜ் கம்மின்னு சொன்னது சரிதான். வீட்ல இல்லை, கண்ணுல."

"போனது திரும்பி வருமா டாக்டர்?" என்றேன்.

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். தினம் நாலு வேளை சொட்டு மருந்து, ஆயுசு பூரா. விட்டீங்கன்னா இருக்கிறதும் போயிடும்."

அதோடு நிறுத்தவில்லை. இந்த மருந்து கண்ணின் பாப்பாவைச் சுருக்குமாம். அதனால் இருட்டு முன்னைவிட இன்னும் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியுமாம். இருட்டில் தெரியவில்லை என்று டாக்டரிடம் போய், இருட்டை அதிகமாக்குகிற மருந்தை வாங்கி வந்த ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, உங்கள் முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். "பார்வையைக் காப்பாத்தத்தான் மருந்து, உங்க சௌகரியத்துக்கு இல்லை" என்றார் டாக்டரம்மா. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து இன்னொன்றும் சொன்னார்.

"உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்கிட்ட ரொம்ப லேட்டா வர்றவங்க. எல்லாம் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நாப்பது தாண்டின யாரா இருந்தாலும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க."

ஸ்கூட்டர் சாவி சுருக்குப் பையில் இருந்ததால் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் திரும்பினோம். சகுந்தலா ஜன்னலோரம். நான் பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடியபோது, என் கையை எடுத்துக் கம்பி மேல் அவளே வைத்தாள். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது கேட்டாள்.

"உங்க தணிகாசலம் சாரும் பச்சைப் பட்டுன்னாரே?"

எனக்குச் சுரீர் என்றது.

மேலதிகாரி சொன்னதற்கு நாம் ஆமாம் போடுவது உண்டு. சம்பளத்தில் பாதி அதற்குத்தான். ஆனால் கீழே வேலை பார்க்கிறவன் சொன்னதற்கு ஆமாம் போட்ட மேலதிகாரியை எந்த ஆபீஸிலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் காலை மணி பதினொன்று என்றால்கூடத் தன் கடிகாரத்தைப் பார்க்காமல் நம்பாத மனிதர் அவர். அவர் திரையைப் பார்த்துச் சரிகை ஜொலிக்கிறது என்கிறார்! கண்ணாடியைக் கழற்றியதும் என் தோளைப் பிடித்தார். வாசற்படி தாண்டும்போது காலைத் தடவித் தடவி வைத்தார். இடது பக்கம் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டார்.

அப்படியானால் தோளில் கை வைத்தது... ப்ரமோஷன் இல்லையா?

"அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் சகுந்தலா.

"என்னன்னு? சார், நான் புளுகினேன், நீங்களும் புளுகினீங்கன்னா? இந்த மாசம்தான் ப்ரமோஷனுக்கு என்னைப் பத்திக் கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட் எழுதுறார்."

"எழுதட்டும். மெட்ராஸ்ல கார் ஓட்டுறேன்னாரே?"

ஆமாம், ஓட்டுகிறார். தானே ஓட்டுவதில் அவருக்குப் பெருமை வேறு. சாப்பிடும்போது சொன்னார், சாயங்காலம் பேரக் குழந்தையை பீச்சுக்குத் தானே கூட்டிப் போவாராம். எனக்கு அந்த மூங்கில் கழி ஞாபகம் வந்தது. இரண்டு நாள் மனசோடு மல்லுக்கட்டினேன். ப்ரமோஷன் பக்கமும் நிறைய வாதம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சகுந்தலா என்னைத் தபாலாபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் புக் பண்ண வைத்தாள்.

கிடைத்தது.

"யாரு? என்னய்யா ஞாயித்துக்கிழமை?"

"சார்... அன்னிக்குத் தாயார் சன்னதிக்குப் போனோமே சார்..."

"அடடா, மறக்க முடியுமாய்யா? எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். பச்சைப் பட்டு!"

"அன்னிக்குத் திரை போட்டிருந்தாங்க சார்."

"என்ன போட்டிருந்தாங்க?"

"திரை சார். அரக்குக் கலர் திரை. மூடியிருந்துச்சு. என் மனைவி பார்த்தாங்க."

"நான்சென்ஸ்! என் கண்ணால பார்த்தேன்யா."

"நானும் என் கண்ணாலதான் சார் பார்த்தேன். எனக்குக் க்ளாக்கோமான்னு சொல்லிட்டாங்க."

லைனில் இரைச்சல். அவர் ஃபோனை வைப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று கடகடவென்று ஒப்பித்தேன். வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் பழக நேரமாகுதா சார்? எதிர்வண்டி லைட் அடிச்சா அப்புறம் கொஞ்ச நேரம் ரோடு காணாமப் போகுதா சார்? பக்கத்துல இருக்கிற டம்ளர் தட்டுப்படுதா சார்? எங்க வீட்டு டம்ளர்ல ஒரு குறையும் இல்லை சார், அடி நல்லாத்தான் இருக்கு. வலிக்காதாம் சார். போனது வராதாம். காரை மட்டும் கொஞ்ச நாளைக்கு...

மூச்சு வாங்க நிறுத்தினேன். பூத்துக்கு வெளியே சகுந்தலா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"த்ரீ மினிட்ஸ் ஓவர். எக்ஸ்டெண்ட் பண்ணணுமா?" ஆபரேட்டர் குறுக்கே வந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ப்ரமோஷன் போயாயிற்று. இனி காசு வேறு எதற்குப் போக வேண்டும்?

"எக்ஸ்டெண்ட் பண்ணச் சொல்லுங்க" என்று மெட்ராஸிலிருந்து ஒரு குரல் வந்தது. அது ரீஜனல் மேனேஜர் குரல் மாதிரியே இல்லை. 'என்னய்யா' போய் 'சொல்லுங்க' வந்திருந்தது. "எங்க வீட்ல ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்காங்க... நான்தான் தெருவுல லைட் சரியில்லைன்னு கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டுக்கிட்டிருக்கேன். உங்க டாக்டரம்மாகிட்ட, மெட்ராஸ்ல யாரைப் பார்க்கலாம்னு கேட்டுச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவும் சொன்னேன். வெளிச்சம் இல்லை என்று எனக்குக் கார்டு போட்டவர்களே, உங்களுக்கும் இதுதான் என் ஒரு வார்த்தை. அடுத்த கார்டை எனக்குப் போடாதீர்கள், ஒரு கண் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

ஃபோனை வைக்கப் போனவர் மறுபடி கேட்டார்.

"அது சரி... தாயாருக்கு அன்னிக்கு நிஜமா என்ன கலர் பட்டு?"

"தெரியலை சார்" என்றேன். என் சர்வீஸில் ஒரு மேலதிகாரியிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.